கிளிமஞ்சாரோ ஏறுவது யாருடைய காசில்?

போன செப்டெம்பரில் தான்சானியாவில் இருக்கும் கிளிமஞ்சாரோ மலை ஏறிவிட்டு வந்து படம் போட்டபோது நிறையப் பேர் வாழ்த்தினீர்கள். இருநூறு பேருக்குக் கிட்ட எங்கள் பகுதி ஹொஸ்பிஸுக்கு, அதாவது கடைசிக் காலத்து நோயாளிகளைப் பராமரிக்கும் இடத்துக்குக் காசும் தந்தீர்கள். அந்தக் காசைப் பற்றி ஒரு விஷயம் எழுதவேண்டும் என்று அப்போதே நினைத்திருந்தேன். இந்தக் கிழமை இரண்டு பேர் "நாங்களும் அடுத்த வருடம் போகப்போகிறோம், எப்படிப் பதிவது?" என்று கேட்டதால் இன்றைக்கு எழுதுகிறேன்.

என் மாமா கடைசிப் பதினொரு நாளும் அந்த ஹொஸ்பிஸில்தான் இருந்தார். விழுங்க முடியாத நிலையில் வாய் காய்ந்துபோகும். சின்ன ஸ்பொஞ்ச் வைத்த குச்சியைத் தண்ணீரில் தோய்த்து உதட்டையும் நாக்கையும் நனைத்துவிடுவார்கள். "இவருக்குத் தேத்தண்ணி என்றால் உயிர்" என்று மாமி கதையோடு கதையாகச் சொன்னார். அடுத்த நாள் காலை போனால், ஒரு நேர்ஸ் ஆறின தேத்தண்ணியில் குச்சியைத் தோய்த்து மாமாவின் நாக்கில் வைத்துக்கொண்டிருந்தார். மாமா கண்ணை மூடியபடியே சப்பினார். அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு ஏதாவது செய்யாமல் என்னால் இருக்க முடியவில்லை.

இங்கே பலருக்குத் தெரியாத விஷயம், ஹொஸ்பிஸ்கள் மற்ற ஆஸ்பத்திரிகள் மாதிரி முழுக்க அரசாங்கக் காசில் நடப்பவை இல்லை. 1967இல் தெற்கு லண்டனில் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் செயின்ட் கிறிஸ்டோபர்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்தே இவை பெரும்பாலும் தர்ம நிறுவனங்கள்தான். இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான ஹொஸ்பிஸ்களுக்கு அரசாங்கத்திடமிருந்து வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தைச் சனம்தான் கொடுக்கிறது.

சரி, மலைக்கு வருகிறேன். பதிவுப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. முதலாவதில், நான் சில நூறு பவுண்ஸ் பதிவுக் கட்டணம் கட்டினால் போதும். அப்புறம் குறைந்தது 4,600 பவுண்ஸ் சேர்த்துக் கொடுக்கவேண்டும். விமான ரிக்கெட், கூடாரம், வழிகாட்டி, சாப்பாடு எல்லாச் செலவையும் பயண ஏற்பாட்டுக்காரர் அந்தச் சேர்த்த காசிலிருந்து எடுத்துக்கொள்வார். ஏறக்குறையப் பாதி. இரண்டாவது, பயணச் செலவு முழுவதையும் நானே கட்டுவது. சேர்க்கிற காசு அப்படியே ஹொஸ்பிஸுக்குப் போகும். தொலைபேசியில் கதைத்த பிள்ளை, "முக்கால்வாசிப் பேர் முதலாவதைத்தான் எடுப்பார்கள்" என்று சொன்னார். நானும் அதைத்தான் எடுக்க இருந்தேன். கிட்டத்தட்ட மூவாயிரம் பவுண்ஸ் என் கையில் இருக்கவும் இல்லை.

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டு அன்ரி கதவைத் தட்டினார். எண்பது வயதுக்குக் கிட்ட, பென்ஷன் காசில் தனியாக இருப்பவர். கையில் பழைய கல்யாணக் கார்ட் ஒன்றின் கவர். பழைய பெயரைப் பேனையால் வெட்டிவிட்டு "ஆஸ்பத்திரிக்கு" என்று எழுதியிருந்தார். உள்ளே நாலாக மடித்த ஒரு இருபது பவுண்ஸ் தாள். "கொம்பியூட்டரில போட எனக்குத் தெரியாது தம்பி, நீ குடுத்துவிடு" என்றார்.

அந்தக் கவரை மேசையில் வைத்துவிட்டுப் படிவத்தைத் திரும்பப் பார்த்தேன். முதலாவது கட்டத்தில் கோடு போட்டால் அந்த இருபதில் பத்து என் விமானத்துக்குப் போகும். அன்ரிக்கு அது தெரியாது. கவரில் அவர் எழுதியது ஆஸ்பத்திரிக்கு என்று. என் பயணத்துக்கு என்று இல்லை. இரண்டாவதில் கோடு போட்டேன். பயணச் செலவுக்கு என் சொந்தக் காசைச் சேர்க்க ஒன்றரை வருடம் எடுத்தது. பயணம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

என் அபிப்பிராயம் இதுதான்: தர்மத்துக்காக மலை ஏறுகிறவர்கள், பாலைவனம் நடக்கிறவர்கள், சைக்கிள் ஓடுகிறவர்கள் எல்லோரும் தங்கள் பயணச் செலவைத் தாங்களே கட்டவேண்டும். முடியாது என்றால், என்ன பங்கு பயணத்துக்குப் போகிறது என்பதைக் காசு கேட்கிற முதல் வரியிலேயே எழுதவேண்டும். கீழே சின்ன எழுத்தில் போட்டுவிட்டு விடக்கூடாது. சேர்த்த காசில் போகும் பயணத்தை, போகிறவருக்குக் கிடைக்கும் ஒரு சலுகையாகத்தான் இங்கே வரித் திணைக்களமே பார்க்கிறது. கிஃப்ட் எயிட் உங்களுக்குத் தெரியும்: வரி கட்டுகிற ஒருவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். ஆனால் சேர்த்த காசிலிருந்து பயணச் செலவு போகிறதென்றால், போகிறவரும், அவருடைய கணவன் அல்லது மனைவி, பெற்றோர், சகோதரங்கள், பிள்ளைகளும் தருகிற காசுக்குப் பொதுவாக அது கிடைக்காது. ஏனென்றால் அந்தக் காசால் குடும்பத்தில் ஒருவருக்குப் பயணம் கிடைக்கிறது. சட்டத்துக்கு விளங்குகிற இந்த விஷயம், காசு தருகிற சிநேகிதருக்கும் விளங்கவேண்டாமா?

"அந்த மூவாயிரத்தை நேரே கொடுத்திருக்கலாமே, ஏன் மலை?" என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. நான் மூவாயிரம் கொடுத்திருந்தால் ஹொஸ்பிஸுக்கு மூவாயிரம் கிடைத்திருக்கும். மலை ஏறியதால் 5,140 கிடைத்தது. அதைவிட, ஹொஸ்பிஸ் என்றாலே சாகப்போடுகிற இடம் என்று பயந்து வாயே திறக்காத எங்கள் சனம் அதைப் பற்றிக் கதைத்தது. மூன்று பேர் உள்பெட்டியில் வந்து தங்கள் அப்பா அம்மாவைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு மலையைச் சொல்லாமல் அந்தக் கதையை நான் தொடங்கியிருக்க முடியாது. ஆனால் அவளுக்கு இந்தப் பதிலைச் சொல்லும் தைரியம் எனக்கு வந்தது, செலவை நான் கட்டியதால்தான்.

அடுத்தது, மலையில் எங்கள் சாமான்களைச் சுமந்த போர்ட்டர்கள். நாங்கள் பதினொரு பேர் ஏறினோம். எங்களோடு வந்த தான்சானியர்கள் நாற்பதுக்கு மேல். ஏறும் பாதை தொடங்கும் மச்சாமே வாசலில் ஒவ்வொரு போர்ட்டரின் சுமையையும் தராசில் தொங்கவிட்டு நிறுக்கிறார்கள். இருபது கிலோவுக்கு மேல் போகக்கூடாது. என் பையைத் தூக்கிய பெடியனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அவனுடைய சொந்தச் சாமான் ஒரு பள்ளிக்கூடப் பைக்குள் அடங்கியிருந்தது. வலது சப்பாத்தின் அடி பிரிந்து, அதை நைலோன் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தான். அந்தச் சப்பாத்தோடு நான்காயிரத்து அறுநூறு மீற்றருக்கு மேல் இருக்கும் பராஃபு முகாம்வரை வந்தான். சுவாஹிலியில் பராஃபு என்றால் பனிக்கட்டி. நான் இரண்டு காலுறை, புதுச் சப்பாத்து, கையுறைக்குள் கையுறை. அவனுக்கு முன்னால் என் நல்ல காரியத்தைப் பற்றிப் பெருமையாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. இறங்கும்போது என் சப்பாத்து அவனுக்கு அளவாக இருந்தது. கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் சப்பாத்து கொடுப்பதைவிட முதலில் செய்திருக்கவேண்டிய வேலை ஒன்று இருந்தது. 2003இலிருந்து கிளிமஞ்சாரோ போர்ட்டர்கள் உதவித் திட்டம் என்று ஒரு அமைப்பு இயங்குகிறது. சம்பளம், சாப்பாடு, கூடாரம் எல்லாம் ஒழுங்காகக் கொடுக்கிற கொம்பனிகள் எவை என்று கண்காணித்துப் பட்டியல் போடுகிறது. பதியும்முன் அந்தப் பட்டியலை நான் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள். விலை மலிவான பயணம் என்றால், அந்த மலிவு யாருடைய சம்பளத்திலிருந்து வருகிறது என்று கேளுங்கள். இறப்பவருக்குக் காசு சேர்க்கப் போய் இருப்பவரின் கூலியில் கைவைக்கக்கூடாது.

உச்சியைப் பற்றிச் சுருக்கமாக. நடுச்சாமத்தில் தொடங்கி, "போலே போலே" (மெதுவாக, மெதுவாக) என்று வழிகாட்டி சொல்லச் சொல்ல அடிமேல் அடிவைத்து ஏறி, உச்சிக்கு முன்னால் வரும் ஸ்டெல்லா பொயின்ரில் விடியலைப் பார்த்தோம். அங்கிருந்து இன்னும் ஒரு மணித்தியாலம், உச்சியான உஹுரு, 5,895 மீற்றர். நாடு விடுதலை பெற்ற பிறகு வைத்த பெயர். உஹுரு என்றாலே விடுதலைதான். மாமாவின் படத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

ஆபிரிக்காவுக்குத்தான் போகவேண்டும் என்றும் இல்லை. 2011 ஜூலையில் இலங்கையின் தென்முனையான தெவுந்தரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறைவரை இருபத்தேழு நாள், ஏறக்குறைய 670 கிலோமீற்றர் நடந்தார்கள், நினைவிருக்கிறதா? தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காக. 2016இல் அதே வழியால் மறுபக்கமாக, பருத்தித்துறையிலிருந்து தெற்கே, காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்காக. சிங்களச் சனமும் தமிழ்ச் சனமும் ஒரே வீதியில் நடந்தார்கள். வெறும் வீதியில் நடந்து ஒரு ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்க்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

ஹொஸ்பிஸ் அனுப்பிய ரசீதை அன்ரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுத்தொகையையும் வாசித்தார். மலை எவ்வளவு உயரம் என்று கேட்கவில்லை. "அந்தத் தேத்தண்ணி குடுத்த பிள்ளை இன்னும் அங்கதான் வேலை செய்யுதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

போகப்போகிற இரண்டு பேருக்கும்: என் நித்திரைப் பையும் தலை விளக்கும் வீட்டில் சும்மா இருக்கின்றன, வந்து எடுத்துப்போங்கள். வாங்க வேண்டாம், அதிலேயே இருநூறு பவுண்ஸ் மிஞ்சும். இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டீர்கள் என்றால் முதல் நூறு பவுண்ஸ் நன்கொடை என்னுடையது.