சம்பளம் குறைவுதான், ஆனால் எடுபிடி வேலை இல்லை
இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளிகளின் மழலையர் வகுப்புகளில் அப்ரண்டிஸாக, அதாவது சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே தொழில் கற்பவர்களாகச் சேர்பவர்கள் 'மலிவான எடுபிடிகள்' என்று இந்தக் கட்டுரையை எழுதியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். லண்டன் பள்ளி ஒன்றில் அந்தப் பயிற்சியின் லெவல் 3 (நம் பிளஸ் டூ அளவிலான நிலை) முடித்தவள் என்ற முறையில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். சம்பளம் குறைவு, உண்மை. 2025 ஏப்ரல் கணக்குப்படி, முதல் வருடத்தில் எந்த வயதுக்காரருக்கும் சட்டம் உறுதிசெய்தது மணிக்கு 7.55 பவுண்டு மட்டுமே. லண்டன் வாடகைக்கு அது எந்த மூலைக்கு? ஆனால் வேலை எடுபிடி இல்லை. குழந்தைகள் வெளியே விளையாடக் கிளம்பும்போது கோட் ஜிப்பின் அடிமுனையை மட்டும் மாட்டிவிட்டு, மேலே இழுப்பதை அந்த நான்கு வயதுக்காரரிடமே விட்டுவிட்டுக் கையைக் கட்டி நிற்க வேண்டும். (நம் அம்மாக்களால் முடியுமா?) யார் தானாக இழுத்தார், யார் உதவி கேட்டார், என்ன வார்த்தையில் கேட்டார் என்று கவனித்துக் குறித்து வைக்க வேண்டும். இந்தக் கவனிப்பில்தான் பாதிப் பயிற்சியே இருக்கிறது. கட்டுரை திட்டியிருக்க வேண்டியது வேறொன்றை: படிப்புக்கான நேரத்தை வேலை நேரத்துக்குள்ளேயே தர வேண்டும் என்பது விதி, ஆனால் யாராவது லீவு போட்டால் எங்கள் பள்ளியில் முதலில் பறிபோனது அதுதான். மேலே பின்னூட்டத்தில் ஒருவர் லெவல் 3 முடித்தாலே ஆசிரியராகிவிடலாம் என்று எழுதியிருக்கிறார். முடியாது, அரசுப் பள்ளி ஆசிரியர் தகுதிக்குப் பட்டமும் வேண்டும்.