மானியத்தில் நடக்கும் முதியோர் இல்லத்தில் பொறுப்பேற்கப் போகிறவர்களுக்கு

இதே வேலைக்குத் தேர்வாகியிருக்கும் ஒரு தங்கை நேற்றுத் தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, முதலில் எதைத் தொடங்க வேண்டும்?" "எதையும் தொடங்காதே, பழைய கணக்கை எடுத்துப் படி" என்றேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை.

நானும் சென்ற ஆண்டு தோட்டம், பாட்டு வகுப்பு, பள்ளிப் பிள்ளைகளின் வருகை என்று ஒரு நோட்டு நிறையத் திட்டங்களோடுதான் வந்தேன். எங்கள் இல்லம் 1992இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் மானியத்தில் நடக்கிறது. இப்போது அது அடல் வயோ அப்யுதய் யோஜனாவின் கீழ் வருகிறது. 60 வயது கடந்த, ஆதரவற்ற 25 பேருக்கு உணவு, உறைவிடம், மருத்துவம். வாங்கிய பணம் உரிய செலவுக்கே போனது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழும் தணிக்கை அறிக்கையும் போனால்தான் அடுத்த பணம் வரும். நான் வந்தபோது முந்தைய ஆண்டுக்கே அவை போயிருக்கவில்லை. பில்கள் ஓர் அட்டைப் பெட்டியில் கிடந்தன. பாதிக்கு மேல் மை மங்கி எழுத்தே தெரியவில்லை.

மூன்று மாதம் மளிகைக்கடை அண்ணாச்சி கடனுக்கு அரிசி கொடுத்தார். "பெரியவர்கள் சாப்பிடுகிற அரிசி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் அம்மா" என்றார். பால்காரருக்கு அது கட்டுப்படியாகவில்லை. இரவுப் பாலை நிறுத்தினோம். 25 பேரில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அதனால்தான், "சேவை மனம் போதும், கணக்கை எழுத்தர் பார்த்துக்கொள்வார்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பெட்டியில் கிடந்தது இவர்களுடைய பால்.

ஆனால் பதிவேட்டை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஒரு பாட்டிக்கு வங்கிக் கணக்குத் தொடங்கப் போனோம். வாழ்நாளெல்லாம் நாற்று நட்டுத் தேய்ந்த விரல், கருவியில் ரேகை விழவில்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்து நான்கு முறை வைத்தார். "என் கையில்தான் கோளாறு, ஐயா" என்று அந்த ஊழியரிடம் மன்னிப்புக் கேட்டார். வேறு யாரையாவது துணைக்கு அனுப்பியிருந்தால் இதை நான் பார்த்திருக்க மாட்டேன்.

ரேகைக்குப் பதிலாகக் கருவிழிப் பதிவுக்காக ஆதார் மையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே கருவிக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான், வலக்கண்ணில் பார்வை மங்கி ஓராண்டாகிறது என்று மெல்லச் சொன்னார். கண்புரை. எங்கள் மருத்துவப் பதிவேட்டில் அந்த ஓராண்டும், மாதம் தவறாமல், அவர் பெயருக்கு நேரே "நலம்" என்று எழுதியிருக்கிறது. கடைசி மூன்று மாதங்களுக்குக் கீழே இருப்பது என் கையெழுத்து.

தங்கை வரும் திங்கட்கிழமை பொறுப்பேற்கிறாள். முதல் வாரம் கூட்டம், விழா எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். காலையில் கணக்குப் பெட்டி. மாலையில் மருத்துவப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாகப் போய் உட்கார வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்றால் ஐந்து நாளில் எல்லாரையும் பார்த்துவிடலாம்.