பாறைக்குள் தண்ணீரை அழுத்தும் முன்

ஆந்திராவின் குப்பம், வி.கோட்டா பக்கம் போர் போட்ட ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை உண்டு. ஆயிரம் அடி இறக்கியும் புழுதிதான் பறந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் முந்நூறு அடியிலேயே தண்ணீர் பீறிட்டது. கல்லில் தண்ணீர் கிடையாது, கல்லின் வெடிப்பில்தான் இருக்கிறது என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பூமிக்குள் இருக்கும் சூட்டிலிருந்து கரண்ட் எடுக்கப் பார்க்கும் ஆழ்நிலப் புவிவெப்ப ஆராய்ச்சிக்கும் அந்த வெடிப்புதான் அடிப்படை.

நம் கருங்கல்லைத் துளைத்துக் கரண்ட் எடுக்க முடியாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். விடை பக்கத்திலேயே இருக்கிறது. கோலார் தங்கவயலில் நம் ஆட்கள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிக் கல் உடைத்தார்கள். அங்கே பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டியது. மனிதருக்கு அது நரகம். மின் நிலையத்துக்கோ போதாது. ஆஸ்திரேலியாவின் கூப்பர் படுகையில் கதிரியக்கத் தனிமங்கள் நிறைந்த கருங்கல்லைக் கிலோமீட்டர் கணக்கில் படிவப் பாறை கம்பளிபோல் மூடியிருக்கிறது, சூடு தங்குகிறது. நம் கல் மூடாக்கு இல்லாமல் கிடக்கிறது. வெந்நீர் ஊற்றுகள் உள்ள லடாக்கின் பூகா போன்ற இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சூடான இடமே கிடைத்தாலும் மிச்ச வேலை பெரிது. ஆழத்தில் பழைய வெடிப்புகள் பாறையின் பாரத்தால் இறுகிக் கிடக்கும். உயர் அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்தினால் பிடி தளர்ந்து வெடிப்பின் ஒரு முகம் மற்றதன்மேல் வழுக்கும். இரண்டும் சொரசொரப்பானவை, நகர்ந்தபின் மேடும் பள்ளமும் முன்போல் பொருந்தாமல் இடைவெளி நிற்கும். அதன் வழியே தண்ணீர் ஓடி, சூடேறி, இன்னொரு கிணற்றில் மேலே வரவேண்டும். அந்த வழுக்கலேதான் நில அதிர்வும். நாம் வேண்டுவதும் அஞ்சுவதும் ஒன்றே. எவ்வளவு பரப்பு, எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைச் சொல்லாமல் ஆபத்தே இல்லாத ஆற்றல் என்று பேசுபவர்களை நான் நம்பமாட்டேன்.

வெடிப்பு நாம் நினைத்த பக்கமும் போகாது. அமெரிக்காவின் ஃபென்டன் ஹில் புவிவெப்பச் சோதனையில் 1983இல் ஏராளமான தண்ணீரை அழுத்தியும் இரண்டு கிணறுகள் இணையவில்லை. ஒரு கிணற்றைத் திசை மாற்றித் துளைக்க வேண்டியிருந்தது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குக் கீழே இப்படித் தண்ணீரை அழுத்திய பிறகு, 2006 டிசம்பரில் 3.4 அளவில் அதிர்ந்தது. பிறகு திட்டமே கைவிடப்பட்டது. தென் கொரியாவின் போஹாங்தான் என்னை உலுக்கியது. 2017 ஏப்ரலில், தண்ணீர் செலுத்திய பிறகு, 3ஐத் தாண்டிய அதிர்வு வந்தது. அது எச்சரிக்கை. ஆனாலும் செப்டம்பர் வரை செலுத்தினார்கள். நவம்பர் 15இல் 5.4 அளவில் நிலநடுக்கம். நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் காயம். புவிவெப்பத் திட்டம்தான் தூண்டியது என்று 2019இல் அரசு அமைத்த குழுவே சொன்னது.

நமக்கு அறிவுக்குப் பஞ்சமில்லை. தங்கவயலில் பாறை வெடித்துச் செத்தவர்களின் குடும்பங்கள் எங்கள் பக்கம் இன்றும் இருக்கின்றன. அந்தச் சாவுகளுக்குப் பின்தான் சுரங்கத்தில் அதிர்வுமானிகள் வந்தன, 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அங்கே தொடங்கியது. மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் நிலநடுக்கத்தை ஆராய 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளைத்திருக்கிறோம்.

ஆகவே இந்த ஆராய்ச்சிக்கு அரசு தாராளமாகப் பணம் போடட்டும். ஆனால் துளையிடும் லாரி வருவதற்கு முன்பே அதிர்வுமானிகள் பதியட்டும். அவற்றின் பதிவுகள் அன்றன்றைக்கே ஊர் மக்கள் பார்க்கும்படி, அவர்கள் மொழியில் வரட்டும். எந்த அளவு அதிர்ந்தால் நிறுத்துவது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மட்டும் துளையிடுபவரின் கையில் இருக்கவே கூடாது.