மூன்று தவணை தவறினால் கைதா? அந்த வாட்ஸ்அப் செய்தி தவறு

"மூன்று தவணை கட்டாவிட்டால் வசூல் ஏஜென்ட் போலீஸோடு வந்து கைது செய்யலாம், வீட்டுச் சாமான்களையும் தூக்கலாம்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். ஏஜென்டுக்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. நீதிமன்ற உத்தரவில்லாமல் டிவி, பீரோவைத் தொடவும் முடியாது. அடமானம் வைத்த வீடு என்றால் கதை வேறு. அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி எடுக்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டம் அதற்குப் பொருந்தும். ஆனால் அதன்படியும் முதலில் 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். நீங்கள் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138வது பிரிவில் குற்ற வழக்கு வரலாம். மிரட்டல் செய்தியில் இந்தப் பாதி உண்மையைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறார்கள். செக் திரும்பியதற்காகப் பணம் கேட்டு அனுப்பும் நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் அந்த வழக்கு எழாது.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடனுக்கு அந்த நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை மட்டுமே. உறவினரையும் நண்பர்களையும் அழைத்து அவமானப்படுத்துவதும் விதிமீறல்தான்.

வாசலுக்கு வருபவரிடம் அடையாள அட்டையும் வங்கியின் அங்கீகாரக் கடிதமும் கேளுங்கள். ரசீது இல்லாமல் கையில் பணம் தராதீர்கள். கணக்கில் ஏறாமல் போனால் நிரூபிக்க வழியிருக்காது. அழைப்பு வந்த தேதி, நேரம், எண்ணைக் குறித்துவைத்து முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம், வழிகாட்டுதலுக்கு 14448. அடிப்பேன் என்று மிரட்டினால் 30 நாள் காத்திருக்க வேண்டாம், அன்றே காவல் நிலையத்துக்குப் போங்கள்.