48 மணி நேரம் வரை ஆகலாமாம்!

தளத்தை வைத்திருக்கும் புதிய ஹோஸ்டிங்குடன் நம் டொமைனை, அதாவது தளத்தின் பெயரை, இணைப்பது "சில நிமிட வேலை" என்று எழுதி வைத்தவர், அந்த வேலையை ஒருமுறையாவது செய்து பார்த்திருப்பாரா? டொமைன் பதிந்த இடம் ஒன்று, அந்தப் பெயருக்கான ரெக்கார்டுகளை, அதாவது முகவரிக் குறிப்புகளை, வைத்திருக்கும் நேம்சர்வர் இருக்கும் இடம் இன்னொன்று, தளம் இருக்கும் இடம் மற்றொன்று. எதைக் கேட்டாலும் "அது எங்கள் பொறுப்பல்ல" என்பதில் மட்டும் மூவருக்கும் அப்படியோர் ஒற்றுமை.

ஹோஸ்டிங்காரர், ஒரு பெயரை இன்னொரு பெயருக்குச் சுட்டும் சிநேம் ரெக்கார்டு போடச் சொல்கிறார். www போன்ற முன்னொட்டு இல்லாத வெறும் டொமைனுக்கு அதைப் போடக்கூடாது என்கிறது, பெயர்களை முகவரிகளாக மாற்றும் டி.என்.எஸ். முறையின் விதி. சரி, பெயரை நேராக ஐபி முகவரிக்கே சுட்டும் ஏ ரெக்கார்டு போடலாம் என்றால், பெயர்க் கட்டத்தில் ஓரிடத்தில் @ இட வேண்டும், இன்னோரிடத்தில் காலியாக விட வேண்டும். முழுப் பெயரையும் எழுதிச் சேமித்தாலோ, சில இடங்களில் அதே பெயர் இரண்டு முறை ஒட்டிக்கொண்டு பல்லிளிக்கிறது. நேம்சர்வரையே மாற்றத் துணிந்தால், மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டுகள் பழைய இடத்திலேயே தங்கிவிட, தளம் வருவதற்கு முன்பே மின்னஞ்சல் நின்றுவிடுகிறது.

இத்தனைக்கும் பிறகு "48 மணி நேரம் வரை ஆகலாம்" என்று ஓர் அருள்வாக்கு. பழைய ரெக்கார்டின் டிடிஎல், அதாவது அதை நினைவில் வைத்திருக்கலாம் என்ற கால அளவு, 86400 நொடி என்றிருந்தால், ஒரு முழு நாள் வரை நமக்காக முகவரி தேடித் தரும் ரிசால்வர்கள் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கலாம் என்பதை முன்கூட்டியே சொன்னால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? கைப்பேசியில் புதிய தளம், கணினியில் பழைய தளம். டொமைன் வந்து சேராமல், தளத்துடன் பாதுகாப்பான இணைப்புக்கு வேண்டிய எஸ்எஸ்எல் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் இல்லாவிட்டால் உலாவி எச்சரிப்பதை நிறுத்தாது. திரையில் "சரிபார்க்கப்படுகிறது" என்று மட்டும் ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. எதைத்தான் சரிபார்க்கிறதோ, யாரைக் கேட்டுச் சரிபார்க்கிறதோ!