சங்கிலிக் கவச வளையத்தை வளைத்து மூடினால் மட்டும் போதாது

ஜி.ஐ. கம்பியை (துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் கம்பி) வளையமாக வெட்டி, குறடால் முனைகளைச் சேர்த்துவிட்டால் 13ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வீரனின் சங்கிலிக் கவசம், அதாவது இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய போர்ச் சட்டை, அப்படியே தயார் என்று எழுதுவது தவறு. புதிதாகத் தொடங்குபவர்கள் இதை நம்பி மாதக்கணக்கில் உழைத்துவிடுவார்கள்.

ஒவ்வொரு வளையத்தையும் நான்கு வளையங்களோடு கோக்கும் பின்னல் சரிதான், ஆனால் மூடும் விதம் வேறு. ஐரோப்பாவில் கம்பியின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, தட்டித் தட்டையாக்கி, துளையிட்டு, கடுகளவு ரிவெட் (துளையில் செருகித் தட்டி இறுக்கும் சிறு ஆணி) அடித்து மூடினார்கள். பல கவசங்களில் ஒரு வரிசை ரிவெட் வளையம், அடுத்த வரிசை இணைப்பே இல்லாத முழு வளையம் என்று மாறி மாறி வரும். சும்மா மூடிய வளையம் ஈட்டி முனை நுழைந்தால் வாய் பிளந்துவிடும், நீளமான சட்டை என்றால் தன் எடையாலேயே அங்கங்கே கழன்று விழும். ஒரு சட்டைக்கு ஆயிரக்கணக்கான ரிவெட், கை வலிக்கும்தான், ஆனால் அந்த உழைப்புதான் இந்தக் கவசமே.

ஜப்பானியக் கவசங்களிலும், பிற்கால இந்தியக் கவசங்கள் சிலவற்றிலும் சும்மா மூடிய வளையங்கள் உண்டு. அவற்றைச் செய்கிறீர்கள் என்றால் சரி, ஐரோப்பியம் என்று சொல்லாதீர்கள்.

அப்புறம், வளைக்க எளிதாக மென்மையாக்குவதற்காக ஜி.ஐ. கம்பியை நெருப்பில் காட்டவே வேண்டாம், துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பூச்சில்லாத இரும்புக் கம்பி வாங்குங்கள்.