பெயரை மாற்றினால் கோப்பு திரும்பாது

வைரஸ் தாக்கிய வேர்ட், எக்செல் கோப்புகளின் பெயரில் ஒட்டியிருக்கும் புதிய பின்னொட்டை நீக்கினால் பழையபடி திறந்துவிடும் என்றொரு தகவல் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரர்களின் வாட்ஸ்அப்பில் வலம் வருகிறது. இது தவறு.

கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் இந்த வகை வைரஸ் பெயரோடு நிற்பதில்லை. உள்ளிருப்பதையே ரகசியச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்துவிடுகிறது. இன்றைய வேர்ட் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் பொதி, அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. நல்ல கோப்பின் நகலை நோட்பேடில் திறந்தால் முதலில் ‘பி’, ‘கே’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரியும். தாக்கப்பட்டதில் பெரும்பாலும் அவை இருக்காது. பெயரை மாற்றி என்ன பயன்? கெடுதல்கூட உண்டு: சில மீட்புக் கருவிகள் அந்தப் பின்னொட்டை வைத்தே வைரஸின் வகையை அறிகின்றன.

பென்டிரைவில் கோப்புகளை மறைத்துவைக்கும் வைரஸ் வேறு ரகம். அதில் கோப்புகள் பத்திரமாகவே இருக்கும். மறைப்பை நீக்கினால் போதும். இரண்டையும் யாரோ குழப்பிவிட்டார்கள் போலும்.

முதலில் கணினியை இணையத்திலிருந்தும் அலுவலக வலையமைப்பிலிருந்தும் துண்டியுங்கள். பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காதீர்கள். நெதர்லாந்து காவல்துறையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் பிற நிறுவனங்களும் 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. மலேசிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் ‘சைபர்999’ சேவையிடமும் புகார் செய்யலாம். பணம் கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை.